தன்னைத் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலைகளில் சிலர் கூடுகிறோம். அரை மணி நேரம் சும்மா உட்காருவோம். அப்புறம் பழைய நூல் ஒன்றில் நாலு வரி படித்துப் பேசுவோம். சங்கம், பெயர்ப்பலகை, உண்டியல் எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி கேள்விகள்தான். அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். உங்களுக்கு ஒத்துவராததைத் தள்ளிவிட்டு மேலே படியுங்கள்.

தேடல், தேடல் என்கிறீர்கள். எதைத் தேடுவது? கோயிலுக்குப் போனால் போதாதா?

கோயிலுக்குப் போவது நல்லது, நானும் போகிறேன். ஆனால் பாடலீஸ்வரர் சன்னதியில் நம்மில் பலர் ஒரு விண்ணப்பத்தோடுதான் நிற்கிறோம். மகளுக்கு வரன் அமையவேண்டும், வீட்டுக் கடன் அடையவேண்டும். அதில் தப்பு ஒன்றுமில்லை.

தேடல் வேறு இடத்தில் தொடங்குகிறது. அப்பா இறந்து, கருமாதி முடிந்து, உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, அவருடைய செல்போன் இன்னும் சார்ஜில் கிடப்பதை மகன் பார்க்கிறான். போன வாரம்வரை அந்த உடம்புக்குள்ளிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது எது என்று அவனுக்குத் தோன்றுகிறது. சிலருக்குச் சாவே வேண்டாம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, இதையெல்லாம் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று திடீரென்று தோன்றும். ஒரு நொடிதான். அந்த நொடியை விடாமல் பிடித்துக்கொண்டு போவதைத்தான் நான் தேடல் என்கிறேன். வலி, சந்தோஷம், காப்பி மணம், இந்த வரியைப் படிப்பது எல்லாமே யாருக்கோ நடக்கின்றன. அந்த யாரோவை நேராகப் பார்க்க வேண்டும்.

நான் அரசு அலுவலகத்தில் உதவியாளர். குடும்பஸ்தன். இதெல்லாம் துறவிகளுக்குத்தானே?

இதற்குக் கடலூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது. 1902 வாக்கில் தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. தென்னாற்காட்டின் தலைநகர் நம் கடலூர்தான். தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆபீஸ் வேலையாகத் திருவண்ணாமலை போன இடத்தில், மலைமேல் விருபாட்ச குகையில் இளம் துறவி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். அந்தத் துறவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். அவர்தான் ரமணர். அவர் பேசாமல் இருந்த காலம் அது.

பிள்ளை கேட்ட முதல் கேள்வி, நான் யார் என்பது. ரமணர் எழுதிக் காட்டினார். பிள்ளை மேலும் மேலும் கேட்டார், பதில்கள் எழுத்தாகவே வந்தன. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார் பிள்ளை. 1923ல் அவை அச்சாகி, இன்று எத்தனையோ மொழிகளில் படிக்கப்படுகின்றன. 'நான் யார்?' என்கிற அந்தச் சின்னப் புத்தகம் உருவானதே ஒரு வருவாய்த்துறை ஊழியரின் கேள்விகளால். பிற்பாடு அவர் வேலையை விட்டுவிட்டார் என்பது உண்மை. ஆனால் கேள்வியைக் கேட்டபோது அவர் சம்பளக்காரர். கேட்கத் தெரிந்திருந்தது, அதுவே அவருக்குப் போதுமான தகுதியாக இருந்தது.

உணர்வு என்பது மூளை செய்கிற வேலை. அறிவியல் இதை முடித்துவைத்துவிட்டதே?

மூளைக்கும் உணர்வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஒன்றரைக் கிலோகூட இல்லாத அந்த உறுப்பில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. மயக்க மருந்து ஏற்றினால் நினைவு போகிறது. பக்கவாதம் வந்தால் பேச்சு போகிறது. சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால் பெற்ற பிள்ளையின் பெயர்கூட வாயில் வராது. ஜிப்மர் வார்டில் நோயாளிக்குத் துணையாக ஓர் இரவு உட்கார்ந்திருந்தவர் யாரும், உடம்பு வெறும் மாயை என்று சுலபமாகப் பேசமாட்டார்.

ஆனால் முடித்துவைத்துவிட்டது என்பது சரியில்லை. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995ல் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். கண்ணில் விழும் சிவப்பை மூளை எப்படி இனம் காண்கிறது, நினைவை எங்கே சேர்த்துவைக்கிறது என்பவை ஒருவகைக் கேள்விகள். கடினமானவைதான், ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் என்றாவது பதில் கிடைக்கும். இத்தனை வேலையும் நடக்கும்போது கூடவே சிவப்பைப் பார்க்கிற ஓர் அனுபவம் எதற்காக இருக்கிறது, அது இல்லாமலே இயந்திரம்போல் எல்லாம் நடந்திருக்கலாமே என்பது வேறு கேள்வி. 1998ல் கிறிஸ்டோஃப் காக் என்ற நரம்பியல் அறிஞர், இருபத்தைந்து ஆண்டுக்குள் உணர்வின் நரம்பு அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023ல் நியூயார்க்கில் ஒரு மாநாட்டு மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, விஞ்ஞானம் தோற்றது, நம் முன்னோர் ஜெயித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். ஒரு பொது மேடையில் 'இன்னும் கண்டுபிடிக்கவில்லை' என்று சொல்ல முடிகிற துறையை நான் மதிக்கிறேன். குவாண்டம் இயற்பியல் வேதாந்தத்தை நிரூபித்துவிட்டது என்று வருகிற வீடியோக்களை நம்பவேண்டாம், இயற்பியல் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. விஞ்ஞானி அடுத்தவருடைய மூளையை வெளியிலிருந்து அளக்கிறார். நாம் நம்முடைய அனுபவத்தை உள்ளிருந்து பார்க்கிறோம். இரண்டிலும் நேர்மை வேண்டும்.

நம் மரபில் இதைத் தர்க்கமாக ஆராய்ந்தவர்கள் உண்டா? எல்லாம் நம்பிக்கைதானா?

நம் மாவட்டத்திலேயே உண்டு. திட்டக்குடிக்குப் பக்கத்தில் பெண்ணாடம் இருக்கிறதே, அங்கே பிறந்தவர் மெய்கண்டார். பதிமூன்றாம் நூற்றாண்டு. வளர்ந்தது திருவெண்ணெய்நல்லூரில். அவருடைய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரம், மொத்தமே 40 வரி. அதன் மூன்றாம் சூத்திரம் எடுத்துக்கொள்வது ஒரே விஷயத்தை: உடம்புக்குள் அறிகிற உயிர் ஒன்று தனியாக உண்டா? இந்த ஒரு சூத்திரத்தில் நாங்கள் மாதக்கணக்கில் நின்றிருக்கிறோம்.

முதல் படி, இல்லை என்று சொல்வது. கையைத் தொட்டு இது உயிரா என்றால் இல்லை. மூச்சா? அதுவும் இல்லை. மனமா? மனம் அலைவதும் எனக்குத் தெரிகிறதே, அப்போது அதுவும் இல்லை. இப்படி ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றுமே இல்லை என்று சொன்னாலும், அப்படிச் சொல்லும் அறிவு ஒன்று அங்கே நிற்கிறது. அடுத்தது, நாம் 'என் உடம்பு' என்கிறோம், என் வீடு, என் வண்டி என்பதுபோல. உடையவன் உடைமைக்கு வேறானவனாகத்தான் இருக்கவேண்டும். அடுத்தது ஐம்புலன்கள். கண் பார்க்கும், ஆனால் கேட்காது. காது கேட்கும், பார்க்காது. நேற்று பார்த்த மாம்பழத்தைத்தான் இன்று ருசிக்கிறேன் என்று ஐந்தையும் சேர்த்து அறிகிற ஒன்று வேண்டுமல்லவா? அப்புறம் கனவு. புலன்கள் எல்லாம் ஒடுங்கிய பிறகும் கனவு கண்டேன் என்று காலையில் சொல்கிறோம். ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு மட்டும் ஓடுகிறது, உண்பதும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே உயிராக இருந்தால் அது ஓடும்போது இவையும் நடந்திருக்கவேண்டும்.

இதில் எந்த இடத்திலும் மெய்கண்டார் நம்பு என்று சொல்லவில்லை. உன் தூக்கத்தைப் பார், உன் பேச்சைப் பார் என்கிறார். எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பரிசோதனையைச் செய்ய வேறு கருவி தேவைப்படவில்லை.

சூத்திரத்தில் இன்னொரு காரணமும் வருகிறது. உயிர் தானாக அறிவதில்லை, அறிவித்தால்தான் அறிகிறது. அதனால் அது கடவுளும் இல்லை என்பது சைவ சித்தாந்தம். படிகக் கல் பக்கத்தில் எந்த நிறப் பூவை வைத்தாலும் அந்த நிறமாகத் தெரிவதுபோல, உயிர் எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகிவிடும் என்று அந்த மரபில் உவமை சொல்வார்கள். ரமணர் சொல்வது வேறு. தேடிப் போனால் தனியாக நான் என்று ஒன்று மிஞ்சாது, இருப்பது ஒரே ஆத்மாதான் என்பார். எல்லாம் ஒன்றுதான் சார் என்று இரண்டையும் அவசரமாகக் கலக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இருவரும் உயிரைக் கொடுத்துச் சொன்ன விஷயம் அது. முரண்படுகிற இடத்தில் முரண்படட்டும். நீங்கள் உங்கள் அனுபவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

'நான் யார், நான் யார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமா?

வேண்டாம். அது ஜபம் இல்லை. ஓர் எண்ணம் எழுந்தால், இது யாருக்கு வந்தது என்று பாருங்கள். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று திரும்பிப் பார்க்கவேண்டும். வார்த்தையில் பதில் தேடக்கூடாது. பார்வை திரும்பிய அந்தச் சின்ன இடைவெளியில் எண்ணம் நின்றுபோயிருக்கும். மறுபடி எழும், மறுபடி பாருங்கள். ரமணர் சொன்ன முறை இவ்வளவுதான்.

உட்கார்ந்தால் எண்ணம் ஓயவே மாட்டேன் என்கிறது. எனக்குத் தியானம் வராதோ?

எல்லோரும் சொல்வது இது. எண்ணத்தை நிறுத்தவேண்டும் என்று உட்காருவதால்தான் இந்தச் சோர்வு வருகிறது.

ஸ்ரீ அரவிந்தர் புதுச்சேரிக்கு வருவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1908 ஜனவரியில் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற மராட்டிய யோகியோடு ஓர் அறையில் உட்கார்ந்தார். லேலே சொன்னது இது: எண்ணங்கள் உனக்குள் முளைப்பதாக நினைக்கிறாய், அவை வெளியிலிருந்து வருகின்றன, உள்ளே நுழையும் முன்பே தள்ளிவிடு. எண்ணம் வெளியிலிருந்து வருமா என்று அரவிந்தர் விவாதிக்கவில்லை, பார்த்தார். மூன்று நாளில் மனம் முழு அமைதிக்கு வந்துவிட்டது என்று பின்னால் எழுதியிருக்கிறார். நமக்கு மூன்று நாளில் நடக்காது. ஆனால் அந்த அணுகுமுறையை எடுத்துக்கொள்ளலாம். எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், அது எங்கிருந்து வருகிறது என்று வாசலில் உட்கார்ந்து பார்ப்பது.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் இதைப் பழகுவது எனக்குப் பிடிக்கும். கண்ணை மூடி உட்கார்ந்தால் முதலில் அலை. அதற்குள்ளே தூரத்தில் ஃபைபர் படகின் இன்ஜின். பக்கத்தில் வலையிலிருந்து மீனைக் கழற்றுகிறவர்களின் பேச்சு, விலை பேசும் சத்தம், காக்கைகள். இன்ஜின் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே போங்கள். மெலிந்து மெலிந்து ஓர் இடத்தில் அது இல்லாமல் போகும். சத்தம் போனது. கேட்டுக்கொண்டிருந்தது போகவில்லை, அதே தெளிவோடு இருக்கிறது. இப்போது எண்ணம் ஒன்று வந்தால் அதையும் அந்த இன்ஜின் போலவே போகவிட்டுப் பாருங்கள். எண்ணம் ஓயவேண்டிய அவசியமே இல்லை என்று ஒரு கட்டத்தில் தெரியும். கடற்கரை வேண்டும் என்றில்லை. மின்விசிறி சத்தம் போதும். கரண்ட் போகிற நேரம் ரொம்ப நல்ல நேரம்.

தியானத்தில் வெளிச்சம் தெரிந்தது, மணி ஓசை கேட்டது. இது ஞானமா?

இல்லை. தெரிந்தது, கேட்டது என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அப்படியானால் அவையும் அறியப்பட்ட பொருள்கள்தான், படகுச் சத்தம் மாதிரி. வந்தால் வரட்டும், யாரிடமும் சொல்லிப் பெருமைப்படவேண்டாம், மறுநாளும் வரவேண்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

வடலூர் ஞானசபையில் ஜோதிதானே தரிசனம்? அங்கே ஏழு திரை எதற்கு?

வள்ளலார் என்று நாம் அழைக்கிற இராமலிங்க அடிகள் 1823ல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தவர். வடலூரில் எண்கோண வடிவில் சத்திய ஞானசபையைக் கட்டினார். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம். உள்ளே கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு நிறம் என்று ஏழு திரைகள். தைப்பூசத்தில் ஏழையும் ஒவ்வொன்றாக விலக்கி, கண்ணாடி வழியே ஜோதியைக் காட்டுவார்கள். மாதந்தோறும் பூச நட்சத்திரத்தன்று வருகிற மாதப்பூசத்தில் ஆறு திரைதான் விலகும்.

முந்தின பதிலில் வெளிச்சத்தைத் தள்ளச் சொன்னவர் இங்கே வெளிச்சத்தைக் கும்பிடச் சொல்கிறாரே என்று நினைக்கலாம். ஞானசபையின் ஜோதி ஓர் அடையாளம், வள்ளலாரே அப்படித்தான் வைத்தார். ஒவ்வொரு திரையும் ஒரு சக்தியைக் குறிக்கிறது. முதல் கறுப்புத் திரை மாயாசக்தி. ஆன்ம அறிவை மறைக்கிறவை அவை, விலகினால் உள்ளே இருக்கிற அருள் தெரியும் என்பது பொருள். கூட்டத்தில் நின்று பார்க்கும்போது திரை விலகிச் சுடர் தெரிவது கண நேரம்தான். அதற்குள் 'அருட்பெருஞ்ஜோதி' என்று ஆயிரக்கணக்கான குரல் ஒன்றாக எழும்.

சிதம்பரத்தில் நடராஜருக்குப் பக்கத்தில் இருக்கிற ரகசியத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் திரைதான். விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்கும், அதற்குப் பின்னால் உருவம் எதுவும் இல்லை, வெளி. ஒரே மாவட்டத்தில் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள், ஓர் இடத்தில் திரைக்குப் பின்னால் ஒளி, இன்னோர் இடத்தில் திரைக்குப் பின்னால் வெளி. இரண்டு இடத்துக்கும் அடுத்தடுத்துப் போய்வாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

வள்ளலார் என்றால் அன்னதானம். சோறு போடுவதற்கும் உணர்வை ஆராய்வதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. நிறையப் பேர் வள்ளலாரை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். ஏழைகளுக்குச் சோறு போட்ட சமூகத் தொண்டர் ஒருவர், ஜோதியில் கலந்த சித்தர் ஒருவர். அவர் எழுதியதைப் படித்தால் இந்தப் பிரிவு நிற்காது.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடையில் பசியை அவர் வர்ணிக்கிறார். ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதுபோல ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கிறார். பசி அதிகமானால் அறிவு விளக்கமில்லாமல் மயங்குகிறது, அது மயங்கவே கடவுள் விளக்கம் மறைகிறது, சித்தம் கலங்குகிறது, நம்பிக்கை குலைகிறது. அப்புறம் கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு உலர்கிறது, வயிறு எரிகிறது. சோறு கிடைத்தவுடன் இதே வரிசையில் எல்லாம் திரும்பி மலர்கிறது. கவனித்தீர்களா, பட்டியலின் தொடக்கத்திலேயே வருவது அறிவு. வயிறு பின்னால்தான் வருகிறது. பசி என்பது அவருக்கு உணர்வின்மேல் விழுகிற திரை. ஞானசபையில் துணித் திரையை விலக்கினார், அவர் வடலூரில் தொடங்கிய அன்னதானக் கூடமான தருமச்சாலையில் பசித் திரையை விலக்கினார். ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று அவர் சொன்னது அலங்காரத்துக்காக இல்லை.

எது முதலில் வந்தது என்றும் பாருங்கள். சபை 1872. அதற்கு ஐந்தாண்டு முன்னால், 1867 மே 23ம் தேதி, தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சமையல்கட்டுப் பக்கம் நின்று பார்த்தால் விறகுப் புகையேறிக் கறுத்த சுவர், ஆள் உட்காருகிற அளவுக்கு அண்டாக்கள். பந்தியில் உங்கள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது. வெள்ளை வேட்டி போர்த்திய, வள்ளலார் வழி நடக்கிற சன்மார்க்கி, நெய்வேலிக்கு வேலை தேடி வந்தவர், பெரியவர் ஒருவர் பேரனோடு. யாரையும் ஊர் பேர் கேட்பதில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குத் தியானம் நன்றாகக் கைகூடுகிறது என்று தோன்றினால், வடலூர் போய் ஒரு நாள் பந்தி பரிமாறிவிட்டு வாருங்கள் என்பேன். சாம்பார் வாளியோடு குனிந்து நிமிர்ந்து முதுகு வலிக்கும்போது, ஒருவர் இரண்டாம் முறை கேட்கும்போது முகம் சுளிக்கிறதா இல்லையா என்று பார்த்தால், உள்ளே திரை எவ்வளவு விலகியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

குரு கட்டாயம் வேண்டுமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லதுதான். ஆனால் ரமணருக்கு மனித குரு யாரும் இல்லை. பதினாறு வயதில், 1896ல், மதுரையில் சித்தப்பா வீட்டில் படுத்துச் சாவை நேராகப் பார்த்தார், அவ்வளவுதான். மெய்கண்டாருக்குச் சீடரான அருணந்தியோ அவரைவிட வயதில் மிக மூத்தவர், அந்தக் குடும்பத்துக்கே குலகுரு. குரு இப்படித்தான் இருப்பார் என்று ஓர் அச்சு கிடையாது.

பாரதியார் புதுச்சேரியில் இருந்த பத்தாண்டில் குருவாகக் கொண்டது குள்ளச்சாமியை. அழுக்குக் கந்தையெல்லாம் மூட்டை கட்டி முதுகில் சுமந்து தெருவில் போகிறவர். இது என்ன கூத்து என்று பாரதி சிரித்துக் கேட்டதற்கு, நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே பழங்குப்பையைச் சுமக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பீஸ் கேட்கவில்லை, பின்னால் வா என்றும் சொல்லவில்லை.

போலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலை உயர உயரக் கட்டணம் உயர்கிறதா, வீட்டாரோடு பேசாதே என்கிறாரா, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா, தனியாக வா என்று பெண்களைக் கூப்பிடுகிறாரா, கேள்வி கேட்டால் உனக்கு அகங்காரம் என்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஐயோ பாவமாகிவிடுமோ என்று பயப்படவே வேண்டாம்.

எங்கள் வீடு பகுத்தறிவு வீடு. கடவுள் நம்பிக்கை இல்லாமல் இதில் இறங்கலாமா?

தாராளமாக. மேலே சொன்ன மெய்கண்டாரின் பரிசோதனையில் முதல் ஐந்து படிக்கும் கடவுளை ஏற்கவேண்டிய தேவையே இல்லை. கேள்வி கேட்டுப் பழகியவருக்கு இது இன்னும் சுலபம்.

ஒரு வழியில் தொடங்கி இன்னொன்றுக்குப் போவதற்கும் பயப்படவேண்டாம். நம் திருப்பாதிரிப்புலியூரில் அந்தக் காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் உண்மையைத் தேடி அங்கேதான் வந்து சேர்ந்தார், தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை நிலைக்கும் உயர்ந்தார். பிறகு சூலை நோய் வந்து, அக்கா திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பி, அப்பராக ஆனார். சமணத்தில் இருந்த ஆண்டுகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அசையாத அந்த உறுதிக்கு, அங்கே பழகிய தவமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அவர் கரையேறிய இடம் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு இன்றும் கடலூரில் இருக்கிறது.

கொஞ்ச நாளாகத் தூக்கம் போய்விட்டது. நான் என்பதே இல்லாததுபோல் பயமாக இருக்கிறது. இதுவும் ஒரு நிலையா?

தியானத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நடங்கள், வீட்டாரோடு பேசுங்கள். நீண்ட நேர தியானம் சிலருக்குப் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் கொண்டுவரும். ஏற்கனவே மனநலச் சிக்கல் இருந்தால் அதைக் கூட்டிவிடும். குரல்கள் கேட்டால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை சாப்பிட்டால் தேடல் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

செத்த பிறகு உணர்வு இருக்குமா?

சித்தாந்தம் உயிர் அழியாது என்கிறது. வள்ளலார் சாவே இல்லாத பெருவாழ்வைப் பேசினார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போனவர் அப்புறம் வெளியே வரவில்லை. மூளையை ஆராய்கிறவர்கள், மூளை நின்றால் எல்லாம் நின்றது என்பார்கள். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நம்பிக்கொள்வது மனசுக்குத் தெம்பாக இருக்கலாம், ஆனால் அதற்குத் தேடல் தேவையில்லை. தினமும் ராத்திரி உடம்பும் உலகமும் பெயரும் மறைந்துபோகிற ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்வருகிறீர்கள். காலையில் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்கிறீர்கள். அது எப்படித் தெரிந்தது என்பதை முதலில் பாருங்கள்.

புதுச்சேரி ஆசிரமத்துக்கும் ஆரோவில்லுக்கும் போனால் பயன் உண்டா?

உண்டு, சுற்றுலாவாகப் போகாமல் இருந்தால். ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்தார், 1950 டிசம்பரில் மறையும்வரை இங்கேதான் இருந்தார். அவர் பார்வையில் உணர்வு மனிதனோடு தொடங்கவில்லை. கல்லிலும் மண்ணிலும் அது உறங்குகிறது, செடியில் அசைகிறது, விலங்கில் விழிக்கிறது, மனிதனில் தன்னை அறியப் பார்க்கிறது, இன்னும் மேலே போகவேண்டியிருக்கிறது. உலகத்தை விட்டு ஓடுவதை அவர் ஏற்கவில்லை, இந்த உடம்பும் மண்ணும்தான் மாறவேண்டும் என்றார். அவருடைய சமாதியும் ஆசிரமத்தை நடத்திய அன்னையின் சமாதியும் ஆசிரம முற்றத்தில் மரத்தடியில் ஒரே இடத்தில் இருக்கின்றன. அங்கே பேசக்கூடாது. பூக்களைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள்.

ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்கூடத்தில் பூ, ஊதுவத்தி, பூசை எதுவும் இல்லை. வெள்ளைப் பளிங்கு, நடுவில் 70 செ.மீ. விட்டமுள்ள படிக உருண்டை, அதன்மேல் மேலேயிருந்து இறங்குகிற சூரிய ஒளி. உள்ளே உட்கார முன்பதிவு வேண்டும். வெளியே காட்சி மேடையிலிருந்து போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம்.

நான் உட்காருவது வீட்டில் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

பால் காய்ச்சவேண்டிய நேரத்தில், பிள்ளை பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் பிடிக்காது. நேரத்தை மாற்றுங்கள்.

வடலூருக்கு முதல்முறை போகிறேன். எப்போது போவது, எப்படி?

தைப்பூசத்தன்று லட்சக்கணக்கில் கூட்டம் வரும். வயதானவர்களோடு போவதானால் மாதப்பூசம் நல்லது. நிம்மதியாகப் பார்க்க விரும்பினால் சாதாரண நாளில் போங்கள். கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாகப் பேருந்து நிறைய இருக்கிறது, விருத்தாசலம் ரயிலும் வடலூரில் நிற்கும். முதலில் தருமச்சாலைக்குப் போய்ச் சாப்பிடுங்கள், பிறகு ஞானசபை, வெயில் தாழ மேட்டுக்குப்பம். கொலை புலை தவிர்த்தவர்கள் மட்டுமே சபைக்குள் வரவேண்டும் என்பது வள்ளலார் வைத்த விதி. மீன், கறி சாப்பிடுகிறவர்கள் வெளியே பெருவெளியில் நின்று கும்பிடலாம். தருமச்சாலையில் அந்த விதி கிடையாது, பசியோடு யார் வந்தாலும் சோறு உண்டு.